கடலோர மணலில் புல்தரை: செம்மண் கொட்டுவதா, மணலையே தேற்றுவதா?

சென்னையின் கொட்டிவாக்கம் தொடங்கி முட்டுக்காடு, கோவளம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கடல் பக்கமாக வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். சாரம் பிரித்தாகிவிட்டது, பெயிண்ட் அடித்தாகிவிட்டது. வாசலில் மிஞ்சியிருப்பது வெளுத்த மணல், உடைந்த செங்கல், காய்ந்த சிமெண்ட் கட்டிகள். அதில் ஒரு புல்தரை வேண்டும். போட்டுத் தருகிறேன் என்று வருபவர் பெரும்பாலும் ஒரே திட்டத்தைத்தான் நீட்டுவார்: நாலு அங்குலம் செம்மண், மேலே பாய் மாதிரி விரிக்கும் கொரியன் கிராஸ் கார்பெட். மூன்றே நாளில் பச்சை.

அந்தப் பச்சை உண்மைதான். முதல் வருடம் பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் மூன்றாம் கோடையில் அதே புல்தரை எப்படி இருக்கிறது என்று அந்தத் தெருவிலேயே நாலு வீடு ஏறி இறங்கிப் பாருங்கள். திட்டுத் திட்டாகக் காய்ந்த மஞ்சள், நடுநடுவே தலைதூக்கிய கோரை, மழை பெய்தால் மேலே தேங்கும் செந்நீர். செலவு செய்தவர் மணலைத்தான் குறை சொல்வார். என் கருத்து வேறு. மணலின் மேல் பழி போட ஒன்றுமில்லை, அதை மூடியதுதான் பிழை. மணலை மூடாமல் தேற்றுங்கள். எந்தப் புல் என்பதை நர்சரியில் முடிவு செய்யாமல் உங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதலில் தண்ணீர்

எல்லோரும் மண்ணில் தொடங்குகிறார்கள். கடலோரத்தில் தண்ணீரில் தொடங்க வேண்டும். வீட்டுக் குடிநீரைச் சோதிக்கும் சின்ன டி.டி.எஸ். மீட்டரே இதற்குப் போதும், நீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அது காட்டும். போர்வெல் நீரை ஜனவரியில் ஒருமுறை, மே மாதக் கடைசியில் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டு எண்களுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கலாம். முடிவுக்கு உதவுவது மே மாத எண்தான்.

ஏன் மாறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த மணல் மேட்டுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர் முழுக்க மழை கொடுத்தது. சென்னைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை, அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அது மணல் வழியாக இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீருக்கு மேல் மிதக்கிறது. நல்ல நீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பு நீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேலே ஓர் அடி நீர்மட்டத்தை நாம் மோட்டார் போட்டு இறக்கினால், கீழே உப்பு நாற்பது அடி ஏறி வர வழி திறக்கிறது. 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டபோது இந்தக் கடற்கரைக் கிணறுகளை ஊரே நம்பியிருந்தது. புல்லுக்கு இறைக்கும் ஒவ்வொரு லிட்டரும் அந்தக் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

எவ்வளவு இறைக்க வேண்டியிருக்கும்? வெயில் காலத்தில் நம் ஊர்ப் புல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 மி.மீ. தண்ணீர் குடிக்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. என்பது ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி என்றால் 93 சதுர மீட்டர். அப்படியானால் தினம் 370 லிட்டர், மாதம் 11,000 லிட்டர். ஒரு பெரிய தண்ணீர் லாரி. தெளிப்பதில் வீணாவது, வேருக்குக் கீழே இறங்கிப் போவது எல்லாம் இதற்கு மேல். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் இரண்டாயிரம் சதுர அடி வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். பல வீடுகளில் நானூறு சதுர அடியே தாராளம். பிள்ளைகள் புரளுவதற்கும் மாலையில் நாலு நாற்காலி போடுவதற்கும் அது போதும்.

பாசன நீருக்கு உலக உணவு வேளாண் நிறுவனம் கொடுத்த பொதுவான வரையறை இது: லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே உப்பு இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலை இல்லை. 450 முதல் 2,000 வரை கவனம் தேவை. 2,000-க்கு மேல் போனால் உப்பு தாங்கும் பயிர் மட்டும். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புல் தேர்வு இதன் மேல்தான் நிற்கிறது.

செம்மண், மட்கு, வண்டல்: தரையை எப்படித் தயார் செய்வது

மணலின் குறை இரண்டு. தண்ணீரைப் பிடித்து வைக்காது, சத்தையும் பிடித்து வைக்காது. மணலும் களியும் அளவாகக் கலந்த நல்ல பசலை மண் ஒரு மீட்டர் ஆழத்தில் செடிக்குப் பயன்படும் நீராக 15 செ.மீ. அளவுக்கு வைத்திருக்கும் என்றால், மணல் அதில் பாதியைக்கூடத் தாண்டாது. மணல் துகள் பெரிது, வழவழப்பானது, இடைவெளியும் பெரிது. ஊற்றியது நேராகக் கீழே போய்விடும். உரத்தைப் பிடித்துக்கொள்ளும் மின்னேற்றமும் துகளில் கிடையாது என்பதால் போட்ட யூரியாவும் அதோடு சேர்ந்து கிணற்றுக்குப் போகும்.

ஆனால் மணலுக்கு இரண்டு பெரிய நல்ல குணமும் உண்டு. எவ்வளவு மிதித்தாலும் இறுகாது. சேர்ந்த உப்பை ஒரு நல்ல மழை கழுவிவிடும். உலகின் விலையுயர்ந்த புல்தரைகள் மணலில்தான் வளர்க்கப்படுகின்றன. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்ட முறைப்படி, குழி இருக்கும் அந்தப் பச்சைத் தரையை அடியில் சரளையும் அதன்மேல் ஓர் அடி மணலும் போட்டுத்தான் கட்டுகிறார்கள். காசு கொடுத்து அவர்கள் வாங்கும் பொருள் உங்கள் வாசலில் சும்மா கிடக்கிறது.

இதை வைத்துச் செம்மண் திட்டத்தைப் பாருங்கள். நுண்ணிய மண் மேலே, பெரிய மணல் கீழே என்று இரண்டு அடுக்கு ஆகும்போது, மேல் மண் முழுக்க ஊறித் ததும்பும் வரை தண்ணீர் கீழே இறங்காது. இரண்டும் சந்திக்கும் கோட்டில் தொங்கிக்கொண்டே நிற்கும். இதில் ஒரு லாபம் இருக்கிறது, மறுக்கவில்லை: ஆரம்பத்தில் தண்ணீர் ஊற்றும் தடவை குறையும். முதல் வருடப் பச்சைக்கு அதுதான் காரணம். ஆனால் வேர் அந்தக் கோட்டைத் தாண்டிப் போகாது. இப்படிக் காய்ந்த ஒரு புல்தரையில் ஒரு சதுரத்தைக் கத்தியால் வெட்டித் தூக்கிப் பார்த்தால் கண்ணாலேயே தெரியும். மேலே மூன்று விரல்கடை செம்மண் இறுகி ஓடு போலப் பெயர்ந்து வரும். வெள்ளை வேர்கள் நேராக இறங்கி, செம்மண் முடியும் இடத்தில் அப்படியே வளைந்து பக்கவாட்டில் பின்னிக் கிடக்கும். அதற்குக் கீழே மணலில் ஒரு வேர்கூட இருக்காது. நாலு அங்குலத் தொட்டியில் வளர்த்தது போலத்தான். மே மாத வெயிலில் அந்த நாலு அங்குலம் ஒரே நாளில் காய்கிறது, நவம்பர் மழையில் அதே நாலு அங்குலம் சேறாகி வேரை மூச்சடைக்க வைக்கிறது.

உப்புத் தண்ணீர் சேர்ந்தால் இன்னும் மோசம். நீரில் இருக்கும் சோடியம் களித்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிடும். நனைந்தால் கூழ், காய்ந்தால் ஓடு. செம்மண்ணுக்கு மேலோடு கட்டும் குணம் இயல்பிலேயே உண்டு. மணலுக்கு இந்தத் தொல்லையே இல்லை. உப்பு நீர் உள்ள வீட்டில் செம்மண் போடுவது, மணல் கொடுத்த ஒரே பாதுகாப்பையும் எடுத்துவிடுவதுதான்.

அப்புறம் கோரை. செம்மண் லோடு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஏதாவது ஒரு வயல் ஓரத்திலோ காலி மனையிலோ வெட்டி எடுத்த மண்ணில் கோரைக்கிழங்கு கட்டாயம் இருக்கும். ஒரு கிழங்கு ஒரு சங்கிலியாகும். மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு மிச்சம், அது மறுபடி முளைக்கும். புல்தரைக்குள் வந்த கோரையை முழுசாக ஒழித்தவர்கள் மிகக் குறைவு.

இனி இரண்டாவது வழி: மணலுக்குள்ளேயே மட்கைக் கலப்பது. முதலில் கட்டட இடிபாட்டை ஜல்லடை போட்டாவது எடுத்துவிடுங்கள். சிமெண்ட் கட்டி மண்ணின் காரத்தன்மையை ஏற்றும், கடற்கரை மணலில் சிப்பித் தூளால் அது ஏற்கெனவே அதிகம். பிறகு நன்றாக மட்கிய உரத்தை இரண்டரை அங்குலம் பரப்பி, மேல் ஆறு அங்குல மணலோடு கொத்திக் கலக்க வேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு இது இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). நாலு அங்குலச் செம்மண்ணுக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் ஆகும், ஆக அளவிலும் இது குறைவு. கலப்பது என்பதுதான் இங்கே முக்கியம். மேலே பரப்பிவிட்டுப் போனால் அதுவும் இன்னொரு அடுக்காகிவிடும்.

மட்கு எது? மாட்டெரு நல்லது, ஆனால் பழைய எருவாக, கையில் எடுத்தால் மண் வாசம் வருவதாக இருக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் களை விதை எல்லாம் முளைக்கும். தென்னை நார்க்கழிவு நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும், தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் நீர் பிடிக்கும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: மட்காத நார்க்கழிவில் கார்பன், நைட்ரஜனைப் போல நூறு மடங்குக்கும் மேல். அப்படியே போட்டால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் புல்லுக்குப் போக வேண்டிய நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும், புல் வெளிறும். கழுவாத நார்க்கழிவில் உப்பும் இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து இதை மட்கவைக்கும் முறையைப் பரப்பியிருக்கிறது. அப்படி மட்கியது கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். செங்கல் மாதிரி அழுத்தி விற்கும் பழுப்பு நிற நார்க்கழிவு மட்கியது அல்ல.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். நம் வெயிலில் மட்கு சீக்கிரம் கரைந்துவிடும். வருடம் ஒருமுறை அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரை சலித்த மட்கைப் புல்லின் மேல் தூவிப் பெருக்கிவிட வேண்டும். இதைச் செய்ய மனமில்லை என்றால் மூன்றாவது வருடம் பழைய மணல்தான் மிஞ்சும்.

கரையாமல் நிற்பது களி. அதனால் மூன்றாவது வழி ஒன்று உண்டு: ஏரி வண்டலை மணலோடு கலப்பது. நம் விவசாயிகள் கோடையில் ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பது பழைய வழக்கம். ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் மணல் வயல்களில் களிமண்ணைக் கொண்டுவந்து உழுது கலப்பதைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். ஆறு அங்குல மணலுக்கு அரை அங்குலம், மிஞ்சினால் முக்கால் அங்குலம் வண்டல் போதும், அதை உலர்த்திப் பொடித்துக் கலக்க வேண்டும். மட்கும் இதுவும் சேர்ந்தால் அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. ஆனால் கிணற்று நீர் 2,000-ஐத் தாண்டும் வீட்டில் வண்டல் வேண்டாம், மட்கு மட்டும் போதும். காரணம் மேலே சொன்ன சோடியம்தான்.

கையில் செம்மண்தான் இருக்கிறது, ஏற்கெனவே லோடு வந்து இறங்கிவிட்டது என்கிறவர்களுக்கும் இதே வழிதான். அதைப் பரப்ப விடாதீர்கள். கால்வாசியை எடுத்து மணலோடு கலந்துவிட்டு, மீதியைச் செடிக்குழிகளுக்கு வையுங்கள்.

கொரியனா, அருகா, கடற்கரைப் புல்லா

கொரியன் கிராஸ் ஜோய்சியா இனம். மெத்தை மாதிரி அடர்த்தி, மெதுவான வளர்ச்சி, அதனால் வெட்டும் வேலை குறைவு. இந்த மூன்றும் உண்மையான நன்மைகள். ஓரளவு உப்பும் அரைநிழலும் தாங்கும். ஆனால் மணலில் இதன் மெதுவான வளர்ச்சியே பகையாகிறது. ஓரிடம் காய்ந்தாலோ நாய் தோண்டினாலோ அந்த வடு ஆற மாதங்கள் பிடிக்கும். துண்டு துண்டாக நட்டால் தரை மூட ஒரு வருடம் ஆகலாம், அதற்குள் களை புகுந்துவிடும். அதனால்தான் கார்பெட்டாக விற்கிறார்கள். அந்தக் கார்பெட் செம்மண்ணிலோ களியிலோ வளர்க்கப்பட்டு, அடியில் அந்த மண்ணோடுதான் வரும். செம்மண்ணே வேண்டாம் என்று தரையைத் தயார் செய்துவிட்டு, கார்பெட் வழியாக அதே அடுக்கை உள்ளே விடக்கூடாது. கொரியன்தான் வேண்டுமென்றால், வந்த கார்பெட்டை வெறும் தரையில் கவிழ்த்துப் போட்டு ஓஸ் தண்ணீரால் அடிமண்ணைக் கழுவிவிட்டு, அன்றே நடுங்கள். வேலையாட்கள் முணுமுணுப்பார்கள், விடாதீர்கள்.

நல்ல வெயில் விழும் மணல் தரைக்கு என் முதல் தேர்வு அருகம்புல். நம் ஊர் அருகு, நர்சரிகளில் பெர்முடா என்றும் செலக்சன் நம்பர் ஒன் என்றும் விற்பது, கோல்ஃப் மைதானங்களுக்காக அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டனில் உருவான டிஃப்வே, டிஃப்டுவார்ஃப் கலப்பினங்கள், எல்லாம் ஒரே குடும்பம். மேலே ஓடும் கொடியும் மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டும் இரண்டும் இதற்கு உண்டு. அதனால் கோடையில் மேலே பழுப்பாகிச் செத்தது மாதிரி கிடந்தாலும் ஒரு நல்ல மழையில் அடியிலிருந்து எழுந்துவிடும். மணல் தளர்வாக இருப்பதால் வேர் ஆழமாக இறங்கும். நீரில் உப்பு 2,000 வரை இருந்தாலும், மணல் அவ்வப்போது கழுவப்படுவதால் சமாளிக்கும். கொடியை வெட்டி ஆறு அங்குல இடைவெளியில் நட்டால் நல்ல மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதத்தில் தரையை மூடிவிடும். செலவு கார்பெட்டில் ஒரு பகுதிதான்.

அருகுக்கு இரண்டு நிபந்தனை. தினம் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். மதில் நிழலில், புங்கை மரத்தடியில் மெலிந்துவிடும். இன்னொன்று, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும், பூச்செடிப் பாத்திக்குள் ஓடிப்போகாமல் ஓரத்தில் ஒரு செங்கல் வரிசை பதிக்க வேண்டும். மணல் தரையில் ஒட்ட வெட்டக்கூடாது, 4 செ.மீ. உயரம் வையுங்கள். மேலே எவ்வளவு இலையோ அதற்கேற்பத்தான் கீழே வேர்.

கிணற்று நீர் 2,000-ஐத் தாண்டினால் பேச்சே வேறு. அப்போது சீஷோர் பாஸ்பலம் என்கிற கடற்கரைப் புல். உப்பங்கழி ஓரங்களில் இயற்கையாக வளரும் இனம், புல்தரைப் புற்களில் உப்பு தாங்குவதில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. 4,000, 5,000 டி.டி.எஸ். நீரிலும் மணல் தரையில் பச்சையாக நிற்கும். வீட்டு ஆர்.ஓ. எந்திரம் கழித்து விடும் நீரையும் இதற்குப் பாய்ச்சலாம், மற்றப் புல்லுக்கு அதைத் தொடர்ந்து ஊற்றக்கூடாது. இலை அருகைவிடப் பளபளப்பு. உப்பைத் தாங்குவது வேறு, வறட்சியைத் தாங்குவது வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். உப்பு நீரானாலும் நீர் வேண்டும், அருகைப் போல மாதக்கணக்கில் காயப் போட முடியாது. எல்லா நர்சரியிலும் கிடைக்காது. கடற்கரை ரிசார்ட்டுகளுக்கும் கோல்ஃப் மைதானங்களுக்கும் புல் கொடுப்பவர்களிடம் கேட்க வேண்டும். நல்ல நீர் இருக்கும் வீட்டில் இதைப் போடுவதால் ஆதாயம் எதுவும் இல்லை.

நிழல் உள்ள பக்கத்திலும் புல்தான் வேண்டும் என்றால் அகல இலைப் புல். இங்கே பெயர்க் குழப்பம் அதிகம். பஃபல்லோ, கார்பெட் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு புற்கள் விற்கிறார்கள். ஒன்று கடலோரத்துக்குப் பொருந்தும், உப்பும் தாங்கும். மற்றது ஈரமும் நல்ல நீரும் கேட்கும், உப்பு ஆகவே ஆகாது. கதிர் வந்த செடியைக் காட்டச் சொல்லுங்கள். கதிர் ஒரே தடித்த தண்டாக, விதை அதற்குள் பதிந்தது போல இருந்தால் அது கடலோரத்துக்கு ஆகும் புல். மெல்லிய கதிர்கள் நுனியில் கவை போல இரண்டாகப் பிரிந்திருந்தால் வாங்காதீர்கள்.

பிளாஸ்டிக் புல்லைப் பற்றியும் கேட்கிறார்கள். மே மாத மதியத்தில் அதன் மேல் வெறுங்காலோடு நடக்க முடியாது, 60 டிகிரிக்கு மேல் சூடேறும். பிய்ந்து உதிரும் இழைகள் மணலோடு கலந்து கடலுக்குப் போகும். கடற்கரையில் அதை வைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

புல்லே இல்லாத பச்சை: பொடுதலை

நான் மிகவும் விரும்பிச் சொல்வது இதைத்தான். வயல் வரப்பிலும் குளக்கரையிலும் கடலோர உவர் நிலத்திலும் தரையோடு தரையாகப் படர்ந்து, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சின்னச் சின்னத் தலைப் பூ பூக்கும் பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்கள், துவையல் அரைப்பார்கள். அதே செடி மணல் தரைக்கு அருமையான போர்வை. ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும், ஆழமாகவும் வேர் இறங்கும். உப்பும் வெயிலும் தாங்கும். வெட்டாவிட்டாலும் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் எழாது. வேரூன்றிய பிறகு அருகுக்குக் கொடுக்கும் நீரில் பாதி போதும். ஓர் அடிக்கு ஒரு கொடி என்று நட்டால் மழைக்காலம் முடிவதற்குள் தரை தெரியாது.

நடக்கலாம், உட்காரலாம். கிரிக்கெட் ஆடினால் தாங்காது, பந்து வீசும் தடத்தில் மண் தெரிந்துவிடும். பூக்கும் காலத்தில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் மொய்க்கும். வெறுங்காலோடு ஓடும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைக் கவனிக்க வேண்டும், மாதம் ஒருமுறை வெட்டிவிட்டால் பூ குறையும். ஆஸ்திரேலியாவில் ஆற்றுப் படுகைகளில் இதன் நெருங்கிய உறவான இன்னோர் இனம் பரவி மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கும் களையாகிவிட்டது உண்மை. ஆனால் பொடுதலை இங்கே காலங்காலமாக இருக்கும் செடி. மாறாக, மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியா என்று நர்சரிகளில் தருவது வெளியிலிருந்து வந்து எல்லாவற்றையும் மூடிப்போடும் கொடி. தரைப்போர்வை என்று அதைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மனையின் கடல் பக்க விளிம்பு, உப்புக் காற்று நேராக அறையும் இடம், அங்கே புல்லையும் பொடுதலையையும் வைத்துப் போராட வேண்டாம். அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் அந்த மணலைப் பிடிப்பதற்கென்றே வளர்பவை. ஏற்கெனவே இருந்தால் துப்புரவு என்ற பெயரில் பிடுங்காமல் விட்டால் போதும். பின்னால் இருக்கும் புல்தரைக்கு மணல் வாரி இறைப்பது குறையும்.

ஆக, வாசலுக்கு எதிரே வெயில் விழும் நானூறு சதுர அடிக்கு அருகு, அதைச் சுற்றி நடமாட்டம் குறைந்த இடமெல்லாம் பொடுதலை, நிழலில் புல் எதுவும் வேண்டாம், உலர்ந்த சருகும் கல்லும் போதும். நீர் 2,000-க்குள் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வது இது. அதைத் தாண்டினால் அருகு இருக்கும் இடத்தில் பாஸ்பலம். வேலைக்கு ஆள் கிடைக்காது, வாரம் ஒருமுறை வெட்ட முடியாது என்கிற வீட்டில் அருகையும் விட்டுவிட்டு முழுக்கப் பொடுதலை. கொரியன், வெட்டும் வேலையைவிட நீர் ஊற்றும் வேலைக்கு ஆள் இருக்கிற, சின்ன முற்றம் உள்ள வீட்டுக்கு மட்டும்.

போட்ட பிறகு

ஆடி, ஆவணியில் மாலை மழை தொடங்கும்போது நடுவது நல்லது. அக்டோபர் பெருமழைக்குள் வேர் பிடித்துவிட்டால் மணல் அரித்துப் போகாது. தவறவிட்டால் ஜனவரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடாதீர்கள்.

மணலில் ஓர் அங்குல நீர் ஓர் அடி ஆழம் இறங்கும். அருகு வேர் பெரும்பாலும் இருக்கும் மேல் ஆறு அங்குலத்துக்கு 12 மி.மீ. போதும், அதற்கு மேல் ஊற்றியது கீழே போகும். நாலு காலி டப்பாவைப் புல்லில் அங்கங்கே வைத்து ஸ்பிரிங்க்ளரைப் போடுங்கள், டப்பாவில் 12 மி.மீ. சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறை அந்த அளவு, விடியற்காலையில். மட்கு நன்றாகச் சேர்ந்த தரையானால் நாலு நாள்கூடத் தாங்கும். தினமும் மாலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது வேரை மேலேயே நிறுத்திவிடும். காய்ந்த மணலில் சில திட்டுகள் நீரை உள்ளே விடாமல் முத்து முத்தாக உருட்டிவிடும். மட்கின் மெழுகு மணல் துகளில் படிவதால் வருவது இது. அங்கே முள் கரண்டியால் குத்திவிட்டு, மெதுவாக இரண்டு மூன்று முறை நனைத்தால் பழையபடி குடிக்கத் தொடங்கும்.

உரத்தை மொத்தமாகப் போடுவதில் பயனில்லை. வளரும் மாதங்களில் ஆயிரம் சதுர அடிக்கு மாதம் அரைக் கிலோ யூரியா, அதையும் இரண்டாகப் பிரித்து, போட்ட உடனே லேசாக நீர் விட்டு. அதனோடு பொட்டாஷும் கொஞ்சம் சேர வேண்டும், மணல் அதையும் தக்கவைக்காது. அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை ஒன்றும் போடாதீர்கள், முழுக்கக் கிணற்றுக்குத்தான் போகும், அந்தக் கிணற்றை நீங்கள் மட்டும் குடிப்பதில்லை. வெட்டிய புல்லைப் பெருக்கி வெளியே கொட்டாமல் அங்கேயே விட்டால், உரத்தில் கால்வாசி மிச்சமாகும்.

யூரியா போட்டும் இளம் இலை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. மணலில் ஒரு பிடி எடுத்து எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள், நுரைத்தால் சிப்பிச் சுண்ணாம்பு அதிகம். அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, மாலையில் இலை மேல் தெளித்தால் ஒரு வாரத்தில் பச்சை திரும்பும். சிமெண்ட் தரையில் பட்டால் கறை போகாது, ஓரத்தை மூடிக்கொள்ளுங்கள். நீரும் உரமும் சரியாக இருந்தும் திட்டுத் திட்டாக மெலிந்தால் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாகவோ, நுனி கறுத்துக் குட்டையாகவோ இருந்தால் நூற்புழு. மணலில் அது அதிகம். வேப்பம் புண்ணாக்குத் தூளை மட்கோடு கலந்து தூவுவது நல்ல தடுப்பு, அதை வருடாந்திர மட்கு தூவலோடு சேர்த்தே செய்துவிடலாம்.

ஒப்பந்தக்காரரிடம் பேசும்போது சதுர அடிக்கு என்ன விலை என்று மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள். மட்கு எத்தனை அங்குலம், எவ்வளவு ஆழம் கொத்திக் கலப்பார், கார்பெட்டானால் அடிமண்ணைக் கழுவுவாரா, இடிபாட்டை யார் அகற்றுவது. இந்த நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள். நடுவதற்கு முந்தின நாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நீங்களே நாலு இடத்தில் ஓரடி தோண்டிப் பாருங்கள்: மேலிருந்து கீழே ஆறு அங்குலம் வரை ஒரே நிறமாக, சாம்பல் கலந்த பழுப்பாக இருக்க வேண்டும். நடுவில் கோடு தெரிந்தால் மறுபடி கொத்தச் சொல்லுங்கள்.